வாழாவெட்டியும் நீதிமன்றமும்: பிரிவுத் தீர்ப்பு பற்றிச் சில குறிப்புகள்

1

கல்யாணமாகிப் புருஷனோடு வாழாமல் தாய்வீட்டில் இருக்கிற பெண்ணுக்குத் தமிழில் 'வாழாவெட்டி' என்றொரு சொல் வைத்திருக்கிறோம். மனைவியோடு வாழாத ஆணுக்கு அப்படியொரு சொல் கிடையாது. அவர் 'தனியா இருக்கார்', அவ்வளவுதான். வாழாவெட்டியின் கழுத்தில் தாலி கிடக்கும். ஆனால் ஆரத்தி எடுக்க அவளைக் கூப்பிட மாட்டார்கள். சுமங்கலியா, அமங்கலியா என்று ஊருக்கே தீர்மானிக்க முடியாத இடம் அது. இந்த இடத்தின் மேல் அரசு குத்துகிற முத்திரைதான் 'ஜுடிஷியல் செபரேஷன்'. நீதிமுறைப் பிரிவு என்று மொழிபெயர்க்கிறார்கள். இங்கே பிரிவுத் தீர்ப்பு என்கிறேன். (சட்டத்தின் உட்கூறுகளையும் நாம் 'பிரிவு' என்றே சொல்வதால், குழப்பம் வராமலிருக்க அவற்றை 'செக்ஷன்' என்று எழுதுகிறேன்.)

'மொதல்ல செபரேஷன் வாங்கிடலாம், ஒரு வருஷம் போனா அது தானா டைவர்ஸ் ஆயிடும்' என்று இயக்கத் தோழர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். தானாக எதுவும் ஆவதில்லை. பத்து வருஷம் போனாலும், யாராவது ஒருவர் மறுபடி மனுப் போடாதவரை அது திருமணம்தான். பிரிவுத் தீர்ப்பு என்பது விவாகரத்தில் பாதி அல்ல. வாழ்க்கை போன பிறகும் திருமணத்தைக் காப்பாற்றி வைக்கிற ஏற்பாடு அது. வெளியேறும் கதவு அதில் பின்னால்தான் வைக்கப்பட்டது. அந்தக் கதவு வழியாக யார், எப்போது, கையில் எதோடு வெளியே போகிறார்கள் என்பதுதான் பேச வேண்டிய அரசியல்.

2

இந்த ஏற்பாட்டின் வம்சாவளி சுவாரசியமானது. கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திருமணம் அவிழ்க்க முடியாத முடிச்சு. ஆனால் அடியும் சோரமும் அங்கேயும் உண்டே. அதனால் திருச்சபை நீதிமன்றங்கள் ஒரு வழி செய்தன: முடிச்சை விட்டுவிட்டு, 'மேசையிலிருந்தும் படுக்கையிலிருந்தும்' மட்டும் பிரித்துவைத்தன. இங்கிலாந்தில் 1857இல் வந்த சட்டம் மணவழக்குகளைத் திருச்சபையிடமிருந்து பிடுங்கியது; பிடுங்கும்போது இந்தப் பழைய பிரிவுக்கு 'ஜுடிஷியல் செபரேஷன்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டம் வழியாக அது இங்குள்ள கிறிஸ்தவர்களுக்கு வந்தது. 1955இல் இந்து திருமணச் சட்டத்தின் 10ஆவது செக்ஷனாக உட்கார்ந்துகொண்டது. சாஸ்திரத்துக்கும் விவாகம் அவிழாத சம்ஸ்காரம்தானே! ஐரோப்பியக் குருமாரின் ஏற்பாடு நம்மூர்ப் புரோகிதத்துக்குக் கச்சிதமாகப் பொருந்திப்போனதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் தமிழ்ச் சமூகத்தில் பெரும்பாலோருக்குத் திருமணம் ஒருபோதும் அவிழாத முடிச்சாக இருந்ததில்லை. தீர்த்துவிடுவதும் அறுத்துக்கட்டுவதும் இங்கே பல சாதிகளின் நடைமுறை. அதனால்தான் 'அறுத்துக்கட்டுற சாதி' என்பது மேல்சாதி வாயில் வசையாயிற்று. 1955 சட்டம் இந்த வழக்காற்றைத் தடைசெய்யவில்லை. 29ஆவது செக்ஷனில் விட்டுவைத்திருக்கிறது. ஆனால் அதை நம்பி நிற்பவர்தான், இது எங்கள் வழக்கம், தொன்றுதொட்டு இடையறாமல் வருவது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். சாஸ்திரத்தின் விவாகத்துக்கு இந்தச் சோதனை இல்லை. சிறுபான்மையின் திருமணம் பொதுவிதியாயிற்று, பெரும்பான்மையின் திருமணம் விதிவிலக்காயிற்று.

இதைச் சொல்லும்போது வழக்காற்றைப் பொற்காலமாக்கவும் கூடாது. தீர்த்துவிடுகிற பஞ்சாயத்தில் உட்கார்ந்தது ஆண்கள்தான். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டபோது, அது சாஸ்திரம், பஞ்சாயத்து இரண்டுக்கும் வெளியே உரிமை என்ற தளத்தில் நின்று பேசியது. சென்னை மாகாணம் 1949லேயே இருதார மணத்தைத் தடுத்து இந்துக்களுக்கு விவாகரத்தை அனுமதித்துச் சட்டம் போட்டது. டெல்லிக்கு இது தோன்ற மேலும் ஆறு வருஷம் ஆயிற்று.

3

தமிழ் படித்தவள் என்பதால் இன்னொரு விஷயம் உறுத்துகிறது. தொல்காப்பிய உரிப்பொருளில் பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல். பிரிகிறவன் தலைவன், இருக்கிறவள் தலைவி. பொருளுக்கு, போருக்கு, தூதுக்கு, பரத்தைக்கு என்று அவன் பிரிவதற்குக் காரணங்கள் வகை பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவள் பிறந்த வீட்டைவிட்டு அவனோடு உடன்போகலாம். அவனைவிட்டுப் போவதற்குத் துறை இல்லை. அதிகபட்சம் 'வாயில் மறுத்தல்': பாணனையோ தோழியையோ தூது அனுப்பினால் கதவைச் சாத்தலாம். அதுவும் நாளைக்குத் திறக்கப்போகிற கதவு என்பது கவிதைக்குத் தெரியும்.

பிரிவுத் தீர்ப்பு இந்த 'வாயில் மறுத்த'லின் சட்ட வடிவம். சேர்ந்து வாழ வேண்டிய கடமை இனி இல்லை என்று மட்டும் அது சொல்கிறது. மனைவி என்ற உறவு அப்படியே இருக்கிறது. இருவரும் மனம் மாறினால் சேர்ந்துகொள்ளலாம். தீர்ப்பை ரத்துசெய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். குடும்ப நீதிமன்றத்தின் கவுன்சிலர்கள்தான் புதிய வாயில்கள். 'கொஞ்சம் விட்டுக்குடுத்துப் போங்கம்மா' என்று பாணன் சொன்னதையே இவர்களும் சொல்கிறார்கள்.

4

நடைமுறைக்கு வருவோம். 1955 சட்டத்தின்படி, கொடுமையும் கைவிடலும் விவாகரத்துக்குக் காரணங்கள் அல்ல. பிரிவுத் தீர்ப்புக்குத்தான் காரணங்கள். அடிபட்டவள் முதலில் பிரிவு வாங்க வேண்டும். இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். பிறகு விவாகரத்து கேட்க வேண்டும். தீர்ப்பு வாங்கியவர் மட்டுமே அப்படிக் கேட்கலாம். 1964 திருத்தம் 13(1ஏ) என்ற செக்ஷனைச் சேர்த்து, இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றது. 1976 திருத்தம் இரண்டு வருஷத்தை ஒரு வருஷமாக்கியது. கொடுமையையும் கைவிடலையும் விவாகரத்துக்கே நேரடிக் காரணங்களாக்கியது. சம்மத விவாகரத்தையும் கொண்டுவந்தது.

அப்படியானால் பிரிவுத் தீர்ப்பு வழக்கொழிந்து போயிருக்க வேண்டுமே? போகவில்லை. அதே 1976 திருத்தம் 13ஏ என்றொரு செக்ஷனையும் சேர்த்தது. விவாகரத்து கேட்டு வருகிறவருக்கு, நீதிபதி நியாயம் என்று கருதினால், அதற்குப் பதிலாகப் பிரிவுத் தீர்ப்பு தரலாம். என் பெரியம்மா மகளுக்கு நடந்தது இதுதான். ஆறு வருஷம் வாய்தா, குமாஸ்தா, கட்டு என்று அலைந்து, கேட்டது விவாகரத்து, கிடைத்தது பிரிவு. தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா கேட்டாள்: 'பிரிஞ்சு இருக்கலாம்னு எழுதிக் குடுத்திருக்காங்கடி. பிரிஞ்சுதான இருந்தேன்? இதுக்கு எதுக்குக் கோர்ட்டு?' அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அவள் கோர்ட் பக்கமே போகவில்லை. ஜீவனாம்ச பாக்கியையும் கேட்கவில்லை. ஒருநாள் சம்மன் வந்தது. புருஷன் 13(1ஏ)இல் விவாகரத்து கேட்டிருந்தார். அவருக்கு இன்னொரு குடும்பம் அதற்குள் உருவாகியிருந்தது.

சட்டத்தின் பார்வையில் இரண்டு பேருக்கும் ஒன்பது வருஷம் ஒன்பது வருஷம்தான். ஆனால் காலம் அப்படிச் சமமாக ஓடுவதில்லை. அவருக்கு அது வாழ்ந்த காலம். இவளுக்கு 'இருந்த' காலம்.

கணவன் இப்படிக் கதவைத் திறக்கும்போது தடுக்க வழியே இல்லையா? 23ஆவது செக்ஷன், தன் தவறிலிருந்து ஒருவர் ஆதாயம் தேடக் கூடாது என்கிறது. சேர்ந்து வாழ மறுத்தது மட்டுமே அந்தத் 'தவறு' ஆகாது என்று 1977இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2001இல் ஒரு வழக்கில், நீதிமன்றம் உத்தரவிட்ட ஜீவனாம்சத்தை மனைவிக்கும் மகளுக்கும் தராமல் இருந்த கணவனுக்கு அதே நீதிமன்றம் விவாகரத்து மறுத்தது. ஆகவே பாக்கி என்பது பணம் மட்டுமல்ல, வாதமும்கூட.

'சேர்ந்து வாழ மனு' பற்றியும் ஒரு வார்த்தை. 9ஆவது செக்ஷன்படி, விலகிப்போன துணையைத் திரும்ப வந்து வாழும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அந்த உத்தரவுக்குப் பிறகும் ஒரு வருஷம் சேராவிட்டால், அதே 13(1ஏ) கதவு இருவருக்கும் திறக்கும். அதாவது, 'வா, வந்து வாழு' என்று கூப்பிடுவதே வெளியே அனுப்புவதற்கான தந்திரமாகலாம். 1983இல் ஆந்திர உயர்நீதிமன்ற நீதிபதி பி.ஏ. சௌத்ரி, பெண்ணின் உடல்மீதான அரசு வன்முறை இது என்ற பொருளில் 9ஆவது செக்ஷனைச் செல்லாது என்றார். 1984இல் உச்சநீதிமன்றம் அதைத் திரும்ப உயிர்ப்பித்தது. இந்த உத்தரவை மீறியதாலேயே மனைவியின் ஜீவனாம்சம் போய்விடாது என்று 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியிருப்பது முக்கியமானது.

5

பிரிவுத் தீர்ப்பை முழுக்க நிராகரிக்கவும் முடியவில்லை. மனைவி மறுத்தாலும் கணவனின் பலாத்காரம் வன்புணர்ச்சி அல்ல என்பதுதான் இந்தியக் குற்றவியலின் நிலை. இதில் 1983இல் ஒரு சிறு உடைப்பு வந்தது: பிரிவுத் தீர்ப்போ வழக்காறோ காரணமாகத் தனியே வாழும் மனைவியை அவள் சம்மதமின்றித் தொட்டால் குற்றம். 2013இல், தீர்ப்பு இல்லாமல் பிரிந்து வாழ்ந்தாலும் குற்றம் என்று விரிந்து, தண்டனை இரண்டு முதல் ஏழு வருஷம் வரை ஆயிற்று. 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 67ஆவது செக்ஷன். திருமணத்துக்குள் ஒரு பெண் சொல்லும் 'இல்லை' என்பதைச் சட்டம் காதில் வாங்குவது, அவள் பிரிந்து நிற்கும்போது மட்டும்தான்.

தவிரவும், பிரிந்திருப்பவள் இன்னும் மனைவி. கணவன் உயில் எழுதாமல் செத்தால் முதல்வகை வாரிசு. விவாகரத்தானதும் அந்த இடம் போகிறது. அவள் சமைத்தும் சம்பாதித்தும் உருவாக்கிய வீட்டில் பங்கு கேட்கப் பொதுவான சட்டம் எதுவும் இன்றுவரை இல்லை. விடுதலை வேண்டுமா, சொத்தில் பிடிமானம் வேண்டுமா என்று பெண்ணைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்.

இந்த மூச்சுமுட்டலின் உச்சம் கிறிஸ்தவப் பெண்கள் அனுபவித்தது. 1869 சட்டத்தில் கணவன், மனைவியின் சோரத்தை மட்டும் காட்டினால் விவாகரத்து. மனைவியோ சோரத்தோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்துக் காட்ட வேண்டும். வெறுமனே அடிபட்டவளுக்குப் பிரிவுத் தீர்ப்பு மட்டும், ஆயுளுக்கும் அதுதான். ஜோர்டன் டீங்டே வழக்கில் 1985இல் உச்சநீதிமன்றம் இந்தச் சுவரில் முட்டி நின்றது. கொடுமை நிரூபணமாகிப் பிரிவுத் தீர்ப்பு வாங்கியிருந்த பெண்ணுக்கு, திருமணம் செத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டும், அதை முடித்துவைக்கச் சட்டத்தில் வழியில்லை என்று சொல்லி, நீதிபதி சின்னப்ப ரெட்டி சட்டமியற்றுவோரிடம் முறையிட வேண்டியிருந்தது. திருத்தம் வர 2001 ஆயிற்று. இன்றைக்குக் கொடுமையும் கைவிடலும் அங்கே இருபாலாருக்கும் காரணங்கள். ஆனாலும் பிரிவுத் தீர்ப்பிலிருந்து விவாகரத்துக்குப் போக 13(1ஏ) போல ஒரு நேர்வழி அந்தச் சட்டத்தில் இல்லை.

6

நீண்ட பிரிவே விவாகரத்துக்குப் போதுமான காரணம் என்ற கருத்து இப்போது வலுப்பெற்று வருகிறது. 'மீளமுடியாதபடி முறிந்த திருமணம்' என்று சொல்லி, 142ஆவது அரசியல் சட்டப் பிரிவின்கீழ்த் தான் நேரடியாக விவாகரத்து தரலாம் என்று 2023 மே மாதம் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. இது யாரும் உரிமையாகக் கேட்கக்கூடியதல்ல. குடும்ப நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரமும் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில், பல பத்தாண்டுகள் பிரிந்திருந்த 89 வயதுக் கணவருக்கு விவாகரத்து மறுக்கப்பட்டது. 82 வயது மனைவி, விவாகரத்தானவள் என்ற களங்கத்தோடு சாக விரும்பவில்லை என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இந்த இரண்டையும் எதிரெதிராக வைத்து முற்போக்கு, பிற்போக்கு என்று பிரிப்பது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மூதாட்டி 'களங்கம்' என்று சொன்னது கருத்தியலின் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் மனைவி என்ற பெயரைத் தவிர வேறு எதையும் தராத சமூகத்தில், அந்தப் பெயரையாவது விடமாட்டேன் என்பதில் ஒரு கணக்கும் இருக்கிறது. முறிந்த திருமணத்தை விவாகரத்துக்குக் காரணமாக்க 2010இல் கொண்டுவரப்பட்ட மசோதாவைப் பெண்கள் அமைப்புகள் கேள்வி கேட்டது இதனால்தான்: பங்கு எங்கே? மனைவிக்குச் சொத்தில் பங்கு சேர்த்து 2013இல் மாநிலங்களவை அதை நிறைவேற்றியது. மக்களவை கலைந்ததோடு 2014இல் அது காலாவதியாயிற்று. பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஆகவே களத்தில் நிற்பவர்களுக்குச் சில விஷயங்கள். விவாகரத்து மனுவில், பதிலாகப் பிரிவுத் தீர்ப்பு வேண்டாம் என்று வக்கீலை வாதாடச் சொல்லுங்கள். கிடைத்தது பிரிவுதான் என்றால், ஒரு வருஷம் முடிகிற தேதியைக் குறித்துவையுங்கள். முதலில் மனுப் போடுகிறவர் அவளாக இருக்கட்டும். ஜீவனாம்ச உத்தரவு வந்து ஒரு வருஷம் சேர்ந்து வாழாமல் இருந்தால், 13(2)(iii)இன்படி அதுவே மனைவிக்கு விவாகரத்துக் காரணம். கணவனுக்கு இந்தக் கதவு கிடையாது. பல வக்கீல்களே இதை எடுப்பதில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பழைய 125, இப்போது 144) ஜீவனாம்ச பாக்கியை, பணம் தர வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கேட்டாக வேண்டும். 'அப்புறம் மொத்தமா கேட்டுக்கலாம்' என்றிருந்தால் போயிற்று. மறுமணம் செய்யாதவரை விவாகரத்தானவளும் அந்தச் சட்டத்தில் 'மனைவி'தான். விவாகரத்தானால் ஜீவனாம்சம் நின்றுவிடும் என்ற மிரட்டலுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

கடைசியாக, நம் மொழி. அரசின் ஓய்வூதியத் திட்டம் இவர்களைக் 'கணவனால் கைவிடப்பட்ட பெண்கள்' என்கிறது. செயப்பாட்டுவினை. நம் துண்டறிக்கைகளும் அதையே எழுதுகின்றன. அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் பஸ் ஏறியவளை யாரும் கைவிடவில்லை. அவள்தான் விலகி வந்தாள். மனுவிலும் அறிக்கையிலும் கதையிலும் 'விலகினாள்' என்று எழுதத் தொடங்கினால், நாம் கேட்பது இரக்கமா, வெளியேறும் உரிமையா என்ற விவாதத்தை வேறு இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். நண்பர்கள் எழுத வேண்டும்.