உங்களுக்குத் தெரியுமா? கலஹாவுக்குக் கீழே ஒரு கடல்!

கலஹா டவுனில் பஸ்ஸுக்கு நிற்கிறீர்களா? கொஞ்சம் காலடியைப் பாருங்கள். நீங்கள் நிற்பது பழைய கடலடியின் மேல்!

கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் கார்னெட் நைஸ் என்று ஒரு பாறை. ஒரு காலத்தில் அது வெறும் களிச்சேறு. கடலுக்கடியில் படிந்த சேறு இறுகி ஷேல் ஆனது. ஷேல் வெந்து நைஸ் ஆனது. சேறு படிந்து எத்தனை காலம்? சுமார் 200 கோடி ஆண்டுகள்!

நம்ப மாட்டீர்களா? தெல்தோட்டைப் பக்கம் போகும்போது ரோட்டோரத்தில் புதிதாக வெட்டிய பாறை இருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடும். அதிர்ஷ்டம் இருந்தால் வரிகளுக்கு நடுவே மிளகளவில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அவைதான் கார்னெட். சேற்றில் கிடந்த அலுமினியமும் இரும்பும் சேர்ந்து இரத்தினக் கல்லாகிவிட்டன!

எவ்வளவு சூட்டில் வெந்தது தெரியுமா? தங்கம் உருக 1,064 பாகை செல்சியஸ் போதும். மத்திய மலைநாட்டுப் பாறைகளில் சில கண்ட சூடு 1,150 பாகை! அதுவும் 40 கிலோமீட்டர் ஆழத்தில்! அவற்றின் தலைமேல் இருந்த அத்தனை பாறையும் மழையிலும் ஆற்றிலும் கரைந்தே போய்விட்டது.

ஆகவே சம்மட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். கலஹாவில் எத்தனை பாறையை உடைத்தாலும் ஒரு சிப்பி கூடக் கிடைக்காது. வெந்ததில் எல்லாம் அழிந்தது என்கிறீர்களா? அதைவிடப் பெரிய வேடிக்கை உண்டு. அந்தச் சேறு படிந்த காலத்தில் உலகத்தில் சிப்பி என்ற உயிரே கிடையாது! மீனும் இல்லை, நண்டும் இல்லை. கடல் முழுக்க நுண்ணுயிர் ராச்சியம்தான்!

அந்த நுண்ணுயிர்கள் சுவடில்லாமல் போய்விட்டனவா? இல்லவே இல்லை! இந்த வகைப் பாறைகள் சிலவற்றில் கறுப்பாக மினுங்கும் செதில்கள் இருக்கும். விரலால் தேய்த்தால் கறை ஒட்டும். பென்சிற்கரி! அதிலுள்ள காபன் பெரும்பாலும் அந்த ஆதி உயிர்களின் மிச்சம்.

இனி நம் தோட்டத்துச் சேதி. கவ்வாத்து வெட்டிய மலையில் வெள்ளையாகத் தூவுகிறார்களே டொலமைட், அதுவும் கடல் சரக்குத்தான்! கடலில் படிந்த சுண்ணாம்பு வெந்து மாபிள் ஆனது. திகன பக்கத்துக் குழிகளில் அதை உடைத்து, அரைத்து, மூட்டை கட்டுகிறார்கள். தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும், ஆனால் வருடக்கணக்கில் உரம் போட்டுப் போட்டுப் புளிப்பு எல்லை மீறிவிடும். அப்போது மண்ணைச் சரிக்கட்ட வருவது இந்தத் தூள். ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றும்போது ஒரு துண்டுக் கடலடியையே ஏற்றுகிறீர்கள்! சம்பளச் சீட்டில் மட்டும் அது ஏறாது.

அதே திகன, ஹாரகம பக்கம்தான் 2020 ஆகஸ்ட் 29 இரவு நிலம் அதிர்ந்து வீடுகளில் பாத்திரம் பண்டம் ஆடியது. 200 கோடி வயதுக் கிழவர்கள் கூடச் சும்மா இருப்பதில்லை!

லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். கலஹாவிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். நம் தேயிலைக்கு வயது 150 சொச்சம். அதன் வேர் பிடித்திருக்கும் பாறைக்கு அதைப்போல ஒரு கோடி மடங்குக்கும் மேல்!

பாறையை விடப் பழையது பாறைக்குள்ளேயே இருக்கிறது! மலைநாட்டுப் பாறைகளில் சிர்க்கோன் என்ற பொடி மணிகள் உண்டு. இன்னும் பழைய ஏதோ ஒரு மலை தேய்ந்து, ஆற்றோடு வந்து, இந்தச் சேற்றில் விழுந்தவை. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் விதானகேயும் வெளிநாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து 1987இல் வெளியிட்ட ஆய்வில் சில மணிகளுக்குக் கிடைத்த வயது 320 கோடி!

சிவ நடனத்தின் பெருமையை மேல்நாட்டுக்கு எடுத்துச் சொன்ன ஆனந்த குமாரசுவாமியைத் தெரியும். அவர் முதலில் பாறை ஆராய்ச்சிக்காரர் என்பது தெரியுமா? இலங்கையின் மாபிள் பாறைகளைப் பற்றி 1902இலேயே கட்டுரை எழுதினார். 1903இல் இலங்கைக் கனிய அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளர். 1904இல் தோரியனைட் என்ற புதுக் கனியத்தையே கண்டுபிடித்தார். அப்போது வயது முப்பது கூட ஆகவில்லை! கலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் மலைகளுக்குத் தென்துருவத்தில் சொந்தக்காரர்கள் உண்டு! அந்தார்ட்டிக்காவில் ஜப்பான் 1957இல் திறந்த ஷோவா ஆராய்ச்சி நிலையம் இருப்பது, இலங்கைப் பாறைகளோடு ஒரே உலையில் வெந்த பாறைகளின் மேல். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே கண்டத்தில் பக்கத்து வீடு!

நம் பாறையும் ஒரு காலத்தில் ஷேல்தானே. உலகப் புகழ் பெற்ற ஷேல் எது? கனடாவின் பர்ஜெஸ் ஷேல். 1909இல் சார்லஸ் வால்காட் கண்டுபிடித்தார். மலை உச்சியில் அவர் சேர்த்த கடல் உயிர்ச்சுவடுகள் மட்டும் 65,000! அதில் ஓபபினியா என்ற பிராணிக்கு ஐந்து கண். ஹலுசிஜீனியா என்பதை விஞ்ஞானிகளே முதலில் தலைகீழாக வரைந்து வைத்திருந்தார்கள்! அந்தப் பிராணிகளுக்கு வயது சுமார் 51 கோடி. அவை நீந்தத் தொடங்குவதற்கு முன்பே கண்டிப் பாறை வெந்து முடிந்துவிட்டது!

இலங்கையில் சிப்பி பார்க்க ஆசையா? யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறுங்கள். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் முழுக்கக் கடல் உயிர்களின் ஓடுதான். ஆனால் வயது வெறும் 2 கோடி. நம் மலையோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்கு. குழந்தை!

டைனோசர் காலத்துச் செடிகளின் சுவடுகள் புத்தளம் தப்போவையில் இருக்கின்றன. சேற்றுப்பாறையில் இலை நரம்போடு பதிந்தவை. தாவரவியலாளர்கள் செவார்டும் ஹோல்ட்டமும் 1922இலேயே அவற்றை விவரித்து எழுதிவிட்டார்கள்!

கடலும் வேண்டும், ஷேலும் வேண்டும் என்றால்? நம் முப்பாட்டன்மாரில் பலர் புறப்பட்டு வந்த பழைய திருச்சி ஜில்லாவுக்கே போக வேண்டும்! இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்று ஓர் ஊர். அங்கே மரம் மட்டையில்லாமல் ஓடை ஓடையாய் அரித்துக் கிடக்கும் பொட்டல்தான் காரை ஷேல். 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 9 கோடி வரை அது கடலடி. இன்று கடற்கரைக்கு அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர்!

அந்தப் பொட்டலில் குனிந்து பார்த்தால் துப்பாக்கி ரவை போலக் கூராக, பழுப்பாக ஏதோ கிடக்கும். கையில் எடுத்தால் கல். பெலம்னைட்! கணவாயின் ஒன்றுவிட்ட சொந்தம். அதன் உடம்புக்குள் இருந்த கட்டி இது. உடம்பு போய் 10 கோடி வருடம் ஆகிறது, கட்டி இன்னும் வழுவழு!

பக்கத்திலேயே வெயிலில் பளபளக்கும் தகடுகள். ஜிப்சம்! ஷேலில் இருந்த கந்தகம் அமிலமாகி, சிப்பிகளின் சுண்ணாம்பைத் தின்று உருவாக்கியது. சிமெந்துக்காரர்களுக்கு இது வேண்டிய பொருள்!

காரைக் கடலில் சுறாவும் இருந்தது! டைக்கோடஸ் என்ற அந்தச் சுறாவின் பல் கடிப்பதற்கு அல்ல, சிப்பியை ஓட்டோடு நொறுக்குவதற்கு. பக்கத்து ஊட்டத்தூர்ப் பாறைகளில் கிடைத்த முதுகெலும்புத் துண்டுகளை வைத்தே 1879இல் லைடெக்கர் என்ற விஞ்ஞானி ஓர் இக்தியோசருக்குப் பெயர் வைத்தார். கடல் ஊர்வன! திருச்சியில்!

இதையெல்லாம் முதலில் பொறுக்கியது யார்? கேய், கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்கார உத்தியோகத்தர்கள், 1840களில். பொறுக்கியவை பெட்டியில் லண்டனுக்குப் போயின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற விஞ்ஞானி 1846இல் அவற்றை விவரித்தார். பிறகு வந்தார் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற புவியியலாளர். தென்னிந்தியாவின் பழங்கடல் உயிர்களுக்குத் தடித்தடியாய் நான்கு தொகுதி எழுதி 1873இல் முடித்தார். மறு வருடம் லடாக் பயணத்தில் மரணம். வயது 36!

அதே பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. கடலுக்கு அடித்து வரப்பட்டு மண்ணில் புதைந்த மரம். புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டுபிடித்தார். நீளம் 18 மீட்டர்!

காரையில் சுருள் சுருளாய்க் கிடைக்கும் இன்னொன்று அம்மோனைட். அதை நீங்கள் ஏற்கெனவே கும்பிட்டிருக்கலாம்! பெருமாள் கோயில் சாளக்கிராமத்துக்குள் இருக்கும் சக்கரம் அம்மோனைட்டின் ஓடுதான். நேபாளத்துக் கண்டகி ஆறு கறுப்பு ஷேலை அரித்துக்கொண்டு வந்து போடுவது. சுமார் 15 கோடி வயது. அந்த ஆற்றுக்கு மேலே இருக்கும் முக்திநாத் கோயிலின் உயரம் 3,700 மீட்டருக்கும் அதிகம். கடல் பிராணி ஏறிய உயரம்!

சாளக்கிராமம் கைக்குள் அடங்கும். எல்லா அம்மோனைட்டும் அப்படியா? 1895இல் ஜெர்மனியின் செப்பன்ராடெ ஊரில் ஒன்று அகப்பட்டது. குறுக்களவு 1.74 மீட்டர், ஒரு ஆள் உயரம்! அதுவும் வெளிச்சுற்று உடைந்துபோன பிறகு அளந்தது!