ரயிலில் வந்த சமுத்திரம்

அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரம் மிச்சிகன் ஏரியின் கரையில் அமைந்தது. அங்கே நின்று நோக்கினால் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது, அலையும் அடிக்கும். சமுத்திரந்தானோ என்று மயங்கத் தோன்றும். ஒரு கை ஜலம் அள்ளி வாயில் விட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். அத்தனையும் நன்னீர்! உப்புக் கடலோ நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிறது. அத்தகைய ஊரில் கடல் மீன்களைக் குடியேற்ற ஒருவர் ஆசை கொண்டார்.

அவர் பெயர் ஜான் ஷெட். மார்ஷல் பீல்டு என்ற பெரிய வியாபார ஸ்தாபனத்தில் சாதாரணச் சிப்பந்தியாகச் சேர்ந்து, அதன் தலைவராகவே உயர்ந்தவர். ஊராருக்கு ஒரு மீன் காட்சிச்சாலை வேண்டுமென்று முப்பது லட்சம் டாலர் கொடுத்தார். ஆனால் அது எழும்புவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1926-ல் காலமானார். காட்சிச்சாலை 1930-ல் திறக்கப்பட்டது.

கட்டடம் பணத்தினால் எழும்பும். கடலுக்கு என்ன செய்வது? பிளாரிடாவின் தென்கோடியிலுள்ள கீ வெஸ்ட் தீவிலிருந்து அதை ரயிலில் ஏற்றி வந்தார்கள்! இருபது தொட்டி வண்டிகள் எட்டுத் தடவை போய் வந்து, பத்து லட்சம் காலன் கடல்நீரைச் சேர்த்தன. மீன்களும் ரயிலில்தான் வந்தன. அவற்றுக்கென்றே 'நாட்டிலஸ்' என்ற பெயரில் தனி வண்டி ஒன்று இருந்தது.

இக்காலத்தில் இவ்வளவு பாடு இல்லை. நன்னீரில் உரிய உப்புகளைக் கலந்தே கடல்நீரைத் தயாரித்துவிடலாம். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு வேண்டும். ஆனால் அதோடு வேலை முடிந்துவிடாது. மீன் கழிக்கும் அம்மோனியா அந்த மீனுக்கே விஷம். வடிகட்டிகளில் வாழும் நுண்ணுயிர்கள் அதைக் கேடு குறைந்த பொருளாக மாற்றுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத இந்த வேலைக்காரர்கள் ஓய்ந்தால், காண அழகான தொட்டி மயானமாகிவிடும்.

அங்கே பல தலைமுறைக் குழந்தைகள் சொந்தங் கொண்டாடிய மீன் ஒன்று இருந்தது. 1933-ம் வருஷத்து உலகப் பொருட்காட்சியை ஒட்டி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நுரையீரல் மீன் அது. கடல் மீனல்ல, ஆற்று மீன். செவுளோடு நுரையீரலும் உடையதாதலால், மேலே வந்து காற்றை விழுங்கும். ஜனங்கள் அதற்குத் 'தாத்தா' என்றே பெயர் வைத்திருந்தார்கள். தாத்தாவைப் பார்த்த குழந்தைகள் பெரியவர்களாகித் தங்கள் பேரன் பேத்திகளை அழைத்து வந்தபோதும், அது அங்கேயே இருந்தது. 2017-ல் உணவு கொள்ளாமல் நலிந்து போகவே, மேலும் துன்புறாதபடி வைத்தியர்கள் அதன் உயிரை அமைதியாக முடித்தார்கள். அது சிக்காகோவில் கழித்த காலம் ஏறக்குறைய 84 வருஷம்.

இங்கே ஒரு கேள்வி எழாமற் போகாது. நம் கண்களின் இன்பத்துக்காக ஒரு ஜீவனை ஆயுள் முழுதும் கண்ணாடிக்குள் வைப்பது நியாயமா? மந்தமாக வாழும் மீனுக்கு அது பெரிய குறையில்லாதிருக்கலாம். 1991-ல் அங்கே திறந்த புதிய பகுதியில் வெள்ளைத் திமிங்கிலங்களும் வந்து சேர்ந்தன. பரந்த கடலில் கூட்டமாகத் திரிந்து, குரல் கொடுத்துப் பேசிக்கொள்ளும் பிராணிகள் அவை. அவற்றுக்கும் இதே சமாதானத்தைச் சொல்லிவிட முடியுமா?

கடலையே காணாத குழந்தைக்குக் கடல்வாழ் உயிர்களிடம் அன்பு பிறக்க இத்தகைய சாலைகள் உதவுகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த அன்பு கண்ணாடியோடு நின்றுவிடலாகாது. வெளியேயுள்ள கடல் மாசுபடாமல் காக்க அது நம்மைத் தூண்ட வேண்டும். அப்படித் தூண்டவில்லையானால், அந்த ஜீவன்கள் இழந்த சுதந்திரத்துக்கு நாம் கொடுத்த விலை வெறும் நுழைவுச் சீட்டின் காசுதான்.