ஏழடிக்குள் ஒரு குடித்தனம்

எழுபது அடி நீளம். அகலமோ ஏழடிகூடத் தேறாது. இங்கிலாந்தின் கால்வாய்ச் சரக்குப் படகான நாரோபோட்டுக்கு இந்த ஒல்லி உடம்பைக் கொடுத்தது கால்வாய்தான். 1766இல் டிரென்ட்-மெர்சி கால்வாயை வெட்டத் தொடங்கிய ஜேம்ஸ் பிரிண்ட்லி, படகை மேட்டுக்கு ஏற்றி இறக்கும் லாக் தொட்டிகளில் பெரும்பாலானவற்றை ஏழடிக்குச் சுருக்கினார். செலவும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். மிட்லண்ட்ஸ் பகுதியில் பின்னால் வந்த கால்வாய்கள் பலவும் அதே அளவைப் பிடித்துக்கொண்டன.

ஒல்லிதான், ஆனால் உழைப்பாளி. கரையில் நடக்கும் ஒற்றைக் குதிரை 25 டன் நிலக்கரியோடு அதை இழுத்துவிடும்.

ரயில் வந்து சரக்குக் கூலி சரிந்ததும், தனியாகக் கரையில் வீடு வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாத படகோட்டிகள் பலர் குடும்பத்தையே படகில் ஏற்றினார்கள். நீளத்தில் பெரும்பகுதி சரக்குக்கு; மனிதர்களுக்குப் பின்கோடியில் சுமார் பத்தடி கேபின். உள்ளே இறங்கினால் இடப்பக்கம் கரி அடுப்பு. அதையடுத்த அலமாரியின் கதவைக் கீழே மடக்கினால் சாப்பாட்டு மேசை. இரவில் இன்னொரு அலமாரியின் கதவு குறுக்கே இறங்கிப் புருஷன் பெண்டாட்டிக்குக் கட்டிலாகிவிடும். பிள்ளைகளுக்குப் பக்கப் பெஞ்சு. கதவெல்லாம் ரோஜாவும் கோட்டையுமாகச் சித்திரம். பார்க்க அழகுதான். ஆனால் உள்ளே இருந்த நெரிசலைப் பார்த்துத்தான் 1877இல் ஒரு படகில் எத்தனை பேர் தங்கலாம் என்பதற்கே சட்டம் போட வேண்டியிருந்தது.

1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. லாரியிடம் ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்த தொழில் அதன்பின் எழவில்லை. லண்டன் சவுத்தாலில் ஒரு ஜாம் ஆலைக்கு நிலக்கரி ஏற்றிவந்த ஒப்பந்தமும் 1970இல் முடிந்தது.

சரக்கில்லாத படகை முழு வீடாகவே ஆக்கலாம் என்பதை அதற்கு முன்பே செய்து காட்டியவர் எல். டி. சி. ரோல்ட் என்ற பொறியாளர். 1939இல் பேன்பரியின் டூலி படகுத் துறையில் 'கிரெஸி' என்ற பழைய மரப்படகின் சரக்குப் பகுதியையே வீடாக்கி, குளியல் தொட்டிகூட வைத்துக்கொண்டு, புது மனைவியோடு கிளம்பினார். அந்தப் பயணத்தைப் பற்றிய புத்தகம் 1944இல் வந்தது. அதைப் படித்துவிட்டுத் தேடிவந்த ராபர்ட் ஐக்மனும் அவரும் சேர்ந்ததில்தான், 1946இல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் பிறந்தது.

இப்படி மாற்றுவதில் ஒரு வேடிக்கை உண்டு. 25 டன் சுமக்கக் கட்டிய படகு, சுமையில்லாவிட்டால் தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்கும். காற்றடித்தால் அலையும், புதிதாகப் போட்ட கூரை தாழ்ந்த பாலங்களில் இடிக்கும். சோபாவும் சமையலறையும் அந்த எடைக்குக் காணாது. அதனால் தரைப்பலகைக்கு அடியில் செங்கல்லையும் கான்கிரீட் பலகையையும் அடுக்குகிறார்கள். அதையும் இடம் வலம் பார்த்து அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு ஒருபக்கமாகச் சாய்ந்தே மிதக்கும்.