ஒரே கோடு, வேறு பார்வை: நீலகிரி தோடர்களிடம் நடந்த சோதனை

சம நீளமுள்ள இரு கோடுகளில் ஒன்றின் முனைகளில் அம்புக்குறிகளும், மற்றதில் தலைகீழ் அம்புக்குறிகளும் வரையப்பட்டால், இரண்டாவது கோடு நீளமாகத் தோன்றும். இது முல்லர்-லயர் காட்சி மாயை எனப்படுகிறது.

நீலகிரி தோடர்களிடம் இதைச் சோதித்த பிரிட்டன் ஆய்வாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், 1905-இல் முடிவுகளை வெளியிட்டார். ஆங்கிலேயரைவிடத் தோடர்கள் இம்மாயைக்குக் குறைவாகவே ஆட்பட்டனர்.

செங்கோணச் சுவர்களுக்கிடையே வளரும் கண், கோணங்களைத் தொலைவின் அடையாளமாகக் கொள்ளப் பழகுவதே இம்மாயைக்குக் காரணம் என 1966-இல் செகால் உள்ளிட்ட அறிஞர்கள் விளக்கினர். மும்பை தாதரின் அடுக்குமாடிகள் அத்தகைய சூழல். தோடர்களின் மரபுக் குடில்களோ அரைப் பீப்பாய் வடிவில் வளைந்தவை.

இவ்விளக்கம் குறித்து விவாதம் தொடர்கிறது. எனினும், நகரவாசியின் பார்வையை மனித இனம் முழுமைக்கும் அளவுகோலாகக் கொள்ள இயலாது என்பதை இச்சோதனை உணர்த்துகிறது.