சூரியனைப் பார்க்க ஏன் மலையேற வேண்டும்?

கொடைக்கானலுக்குப் போகிறவர்களில் பலர் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதே ஊரில், 2,343 மீட்டர் உயரத்தில், நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைக் கவனித்துவரும் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. இயற்கை, மனித உழைப்பு, கருவி மூன்றையும் ஓர் ஆராய்ச்சி எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நிதானமாகச் சுற்றிப் பார்ப்போம்.

அது அங்கே வந்ததற்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் கூடுவதும் குறைவதும் மழையைப் பாதிக்குமோ என்ற கேள்வி அப்போது வலுத்தது. விடை காண வேண்டுமானால் சூரியனை நாள்தோறும் கவனிக்க வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதலே வானாய்வகம் உண்டு. ஆனால் அதைவிடத் தெளிவான வானம் தேவைப்பட்டது. மிச்சி ஸ்மித் என்ற வானியலாளர் பழனி மலையையும் நீலகிரியையும் ஆராய்ந்தார், கொடைக்கானல் தேர்வாயிற்று. 1901-இல் அங்கே பணி தொடங்கியது.

மலையேறினால் சூரியனை நெருங்கிவிடலாம் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சூரியன் இருப்பது ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில். மலை நம்மைத் தூக்கிவிடுவது இரண்டரை கிலோமீட்டர்கூட இல்லை. பூமியின் பாதை முழு வட்டமல்ல என்பதால், ஜனவரித் தொடக்கத்துக்கும் ஜூலைத் தொடக்கத்துக்கும் இடையே அந்தத் தொலைவே சுமார் 50 லட்சம் கிலோமீட்டர் மாறிவிடுகிறது. அதன் முன்னால் மலையின் உயரம் கணக்கிலேயே வராது.

அப்படியானால் மலை எதற்கு? காற்றை விட்டு விலகத்தான். அந்த உயரத்துக்குப் போய்விட்டால் காற்று மண்டலத்தின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு நமக்குக் கீழே நின்றுவிடும். தூசியிலும் ஈரத்திலும் அதைவிடப் பெரிய பங்கு குறையும். காய்ந்த தோசைக்கல்லுக்கு மேலே பார்த்தால் எதிர்ச்சுவர் நெளிகிறதல்லவா? வெயிலில் சூடான தரை காற்றைக் கிளப்பும்போது சூரியனின் பிம்பமும் அப்படித்தான் நெளியும். அதனால், தரை சூடேறுவதற்கு முந்தைய காலை நேரம்தான் இந்த வேலைக்கு உகந்தது. தெளிந்த காலை வானம், இந்த ஆய்வின் இயற்கை வளம்.

அடுத்தது கருவி. சூரிய ஒளியைப் பிரித்து ஒரே ஒரு நிறத்தை மட்டும் மெல்லிய பிளவு வழியே விட்டு, சூரியனைப் பட்டை பட்டையாகப் படம் பிடிக்கும் கருவி அங்கே நிறுவப்பட்டது. கால்சியத்தின் நிறத்தில் ஒரு படம், ஹைட்ரஜனின் நிறத்தில் இன்னொன்று. வெள்ளி உப்புப் பூசிய கண்ணாடித் தகடுகளில் அவை பதிவாயின. ஒளியைப் பிரித்தால் வேறொன்றும் தெரியும். வாயு நம்மை நோக்கி வந்தால், அதற்கே உரிய நிறத்தில் விழும் ஒளிக்கோடு நீலப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் இங்கே இதைப் பார்த்துத்தான், கரும்புள்ளியின் உட்பகுதியிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்தார். இன்றும் உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கிறது.

ஆனால் எனக்கு எவர்ஷெட்டைவிடப் பெரிதாகத் தெரிவது, பெயர் தெரியாத உதவியாளர்களின் உழைப்பு. கரும்புள்ளிகள் கூடிக் குறைய ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகின்றன. முப்பது ஆண்டு வேலை பார்த்தவரும் அப்படி மூன்று சுற்றுக்கு மேல் கண்டிருக்க மாட்டார். ஆகவே ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர வேண்டும். மேகம் விலகும்வரை காத்திருந்து, படம் எடுத்து, தகட்டைக் கழுவி, தேதியும் நேரமும் குறித்து, உறையிலிட்டு அடுக்க வேண்டும். மறுநாளும் அதேதான். ஒரு தகடு ஒரு நாளைத்தான் சொல்லும். நூறாண்டுத் தகடுகள் சேர்ந்தால்தான் சூரியனின் போக்கு புலப்படும்.

அந்தத் தகடுகள் இப்போது கணினிப் படங்களாகியிருக்கின்றன. மழையைப் பற்றிய பழைய கேள்விக்கு அன்று எதிர்பார்த்த நேரடி விடை கிடைக்கவில்லை. ஆனால் சூரியனின் காந்தப்புலம் தலைமுறைகள் தோறும் எப்படி மாறிவந்தது என்று இன்றைய ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து கணிக்கிறார்கள். நேற்றைய உழைப்பு இன்றைய மூலப்பொருளாகிவிட்டது.

இந்த ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான், 2023-இல் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முதன்மைக் கருவியையும் உருவாக்கியது. அந்தக் கலம் நிற்பது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில். சூரியனுக்குள்ள தொலைவில் நூற்றில் ஒரு பங்குதான். அதுவும் சூரியனை நெருங்கப் போகவில்லை. குறுக்கே காற்றும் இரவும் இல்லாமல் இடைவிடாது பார்க்கப் போனது. மேகத்தோடு மல்லுக்கட்டி நாள் தவறாமல் பார்க்க முயன்ற கொடைக்கானல்காரர்களின் வேலையும் அதேதான்.