கனு காந்தியின் காமிரா

மகாத்மா காந்தியின் படம் மாட்டாத பள்ளிக்கூடத்தையோ கச்சேரியையோ நம் தேசத்தில் காண்பது அரிது. பொக்கை வாய்ச் சிரிப்பு, வட்டக் கண்ணாடி, தோளிலே ஒரு துண்டு, கையிலே ஒரு தடி. நாலு கோடு இழுத்துச் சிறு குழந்தைகூட அந்த உருவத்தை எழுதிக் காட்டிவிடும். பார்த்துப் பார்த்துப் பழகிப் போனதனால் அந்தப் படங்களிடத்தில் நமக்கு ஒருவித அசிரத்தைகூட உண்டாகிவிட்டது. மாலை போட்ட படத்தை எவர் உற்றுப் பார்க்கிறார்கள்? அவற்றுள் எத்தனையோ படங்களை எடுத்தவர் ஒரே மனிதர் என்பதும், அவர் அவற்றை எத்தகைய சங்கடங்களுக்கு இடையே எடுத்தார் என்பதும் வெகு சிலருக்கே தெரியும்.

அவர் பெயர் கனு காந்தி. 1917-ஆம் ஆண்டில் பிறந்தவர். காந்திஜியின் நெருங்கிய உறவினரும், சபர்மதி ஆசிரமத்தின் நிர்வாகத்தைப் பல காலம் ஏற்று நடத்தியவருமான நாரணதாஸ் காந்தியின் புதல்வர். உறவு முறையில் மகாத்மாவுக்குப் பேரன். வைத்தியம் படிக்க வேண்டும் என்பது வாலிபத்தில் அவருடைய ஆசை. ஆனால் பெற்றோரின் விருப்பம் வேறாக இருந்தது. பையன் சேவாகிராமத்துக்குப் போய்ப் பாபுவின் காரியாலயத்தில் சேர்ந்தான். கடிதங்களுக்கு நகல் எடுப்பது, கணக்கு எழுதுவது, இன்னும் ஆசிரமத்துக் குற்றேவல்கள் என்று நாள் முழுவதும் வேலை இருந்தது. காமிராவுக்கும் அவருக்கும் அப்போது யாதொரு சம்பந்தமும் இல்லை.

வினோபா பாவேயின் தம்பி சிவாஜி பாவே என்பவர்தாம் கனுவின் மனத்தில் அந்த எண்ணத்தை விதைத்தவர். பாபுவின் அன்றாட வாழ்க்கையை அருகிலிருந்தே பார்க்கிற ஒருவன் அதைப் படமாகப் பிடித்து வைத்தால் என்ன? கனுவும் காந்திஜியிடம் போய்க் கேட்டார். காமிரா வாங்க ஆசிரமத்தில் பணம் இல்லை என்று பதில் வந்தது. விஷயம் கனசியாமதாஸ் பிர்லாவின் காதுக்கு எட்டிற்று. அவர் நூறு ரூபாய் கொடுத்தார். அதைக் கொண்டு ஒரு ரோலிபிளெக்ஸ் காமிராவும் பிலிம் சுருளும் வாங்கினார் கனு.

காமிரா கைக்கு வந்தது. கூடவே மூன்று நிபந்தனைகளும் வந்தன. முதலாவது, பிளாஷ் விளக்கு உபயோகிக்கக் கூடாது. இரண்டாவது, 'இப்படித் திரும்புங்கள், அப்படி நில்லுங்கள்' என்று காந்திஜியைப் போஸ் கொடுக்கச் சொல்லவே கூடாது. மூன்றாவது, பிலிமுக்கோ, கழுவுவதற்கோ ஆசிரமத்திலிருந்து ஒரு காசும் பெயராது.

இந்த மூன்றையும் படித்தவுடன், 'மகாத்மாவுக்கே உரிய கண்டிப்பு' என்று புன்னகை செய்துவிட்டு நாம் மேலே போய்விடுவோம். போட்டோத் தொழில் அறிந்தவர்களுக்குத்தான் இதிலுள்ள கஷ்டம் விளங்கும். சேவாகிராமத்துக் குடிசைகள் மண் சுவரும் மூங்கில் தட்டியும் சேர்த்துக் கட்டியவை. உள்ளே வெளிச்சம் மட்டம். அந்நாளில் கிடைத்த பிலிம்களோ, மெள்ள மெள்ளத்தான் ஒளியை வாங்கிக் கொள்ளும். ஆகையால் விளக்கில்லாமல் உள்ளே படம் எடுக்க வேண்டுமானால் லென்ஸை அகலத் திறந்து, கதவை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அத்தனை நேரமும் எதிரே இருப்பவர் அசையாமல் இருக்க வேண்டும். ஆனால் 'அசையாமல் இருங்கள்' என்று சொல்லத்தான் இரண்டாவது நிபந்தனை இடம் கொடுக்கவில்லையே! சரி, பத்து எடுத்து அதில் ஒன்றைப் பொறுக்கிக் கொள்ளலாம் என்றால், ரோலிபிளெக்ஸில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள்; பிலிமுக்குப் பணம் இல்லை. ஒரு வாசலை அடைத்தால் மற்றொரு வாசல் வழியாகத் தப்பிக்கலாம். மூன்று வாசல்களையும் பாபு ஒரே சமயத்தில் அடைத்துவிட்டார்.

மிஞ்சியது ஒரே வழி: காத்திருப்பது. இராட்டையின் நூலை மேலே இழுத்த கை ஒரு கணம் நிற்கும் அல்லவா? கடிதத்தைப் படித்து முடித்த முகம் யோசனையில் ஆழும் அல்லவா? அந்தக் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் பத்திரிகைப் படக்காரருக்கு இது எங்ஙனம் இயலும்? கனுவுக்கு இயன்றது. ஏனென்றால் அவர் அந்தக் குடிசையிலேயே உட்கார்ந்து கணக்கு எழுதிக் கொண்டிருந்தவர். பாபு எப்போது எழுவார், எங்கே உட்காருவார், எந்தப் பக்கம் திரும்புவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அந்தக் காமிராவும் இதற்கு ஏற்றதாகவே வாய்த்தது. ரோலிபிளெக்ஸை மற்றக் காமிராக்களைப் போல் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பதில்லை. மார்பளவிலோ இடுப்பளவிலோ வைத்துக் கொண்டு, மேலே உள்ள தேய்த்த கண்ணாடியில் விழும் பிம்பத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். இடம் வலமாகத் தெரியும் பிம்பம் அது. அதன் கதவு திறந்து மூடும் சப்தமும் மிகச் சிறிது. துப்பாக்கியைப் போல் எதிரியைக் குறி பார்ப்பதாகத் தோன்றாது. தலை வணங்கி நிற்பதாகவே தோன்றும். பேரனுக்கு இதைக் காட்டிலும் பொருத்தமான யந்திரம் எது?

1938 தொடங்கி 1948 வரை ஏறக்குறையப் பத்து வருஷ காலம் கனு இப்படிப் படம் பிடித்தார். பத்திரிகைகளுக்குப் படங்களை விற்றுப் பிலிம் செலவைச் சரிக்கட்டினார். கல்கத்தா 'அமிர்த பஜார் பத்திரிகா' பின்னால் மாதம் நூறு ரூபாய் அனுப்பி உதவியது. மகா யுத்தம் வந்ததும் ஜெர்மானியச் சரக்குகள் நின்றுபோயின. அதனால் பிலிமுக்குப் பஞ்சம் ஏற்பட்ட காலமும் இதிலேயே அடங்கும்.

படங்களைப் பார்த்தால் சில மங்கலாக இருக்கின்றன. சிலவற்றில் பாபுவின் முதுகுதான் தெரிகிறது. முன்னால் யாரோ ஒருவருடைய தோள் பாதிப் படத்தை மறைத்துக் கொண்டிருக்கும். வகுப்பில் இத்தகைய படம் ஒன்றை நான் காட்டியபோது, "இது ஏன் சார் சரியாக விழவில்லை?" என்று ஒரு மாணவன் கேட்டான். மங்கலும் மறைப்பும் அந்த மூன்று நிபந்தனைகள் விட்டுச் சென்ற அடையாளங்களே. அதோடு, இந்தக் குறைகளினாலேயே நாமும் அந்த அறையின் மூலையில் உட்கார்ந்திருப்பதாக ஓர் எண்ணம் உண்டாகிறது. பளபளவென்று கச்சிதமாக விழுந்த ஸ்டூடியோப் படங்களில் அந்த எண்ணம் எனக்கு உண்டாவதில்லை.

அன்னியருக்கும் காந்திஜி இதே சட்டத்தைத்தான் வைத்தார். 1946-இல் அமெரிக்காவின் 'லைப்' பத்திரிகைக்காக வந்த மார்கரெட் பூர்க்-ஒயிட் அம்மையார், இராட்டையும் கையுமாக இருக்கும் மகாத்மாவைப் படம் பிடிக்க விரும்பினார். முதலில் இராட்டை சுற்றக் கற்றுக் கொண்டு வரச் சொன்னார்கள். அன்றைக்கோ காந்திஜிக்கு மௌன தினம். வெகுவாக மன்றாடியதன் பேரில் மூன்றே மூன்று பிளாஷ் விளக்குகளுக்கு அனுமதி கிடைத்தது. அதில் கிடைத்த படம் இன்று உலகப் பிரசித்தம். நம் தமிழ்நாட்டு ஏ. கே. செட்டியாரோ படம் பிடிப்பதைவிடப் படம் தேடுவதையே விரதமாகக் கொண்டார். கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து சுமார் 50,000 அடி பிலிம் சேகரித்து, 1940-இல் காந்திஜியின் வாழ்க்கையைச் சலனப் படமாக வெளியிட்டார்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் நடந்ததையும் சற்றே நினைத்துப் பார்க்கலாம். ஹிட்லருக்கு ஹைன்ரிச் ஹாப்மன் என்று ஒரு பிரத்தியேகப் படக்காரர் இருந்தார். மேடையில் கையை எப்படி ஆட்டினால், முகத்தை எப்படிச் சுளித்தால் ஜனங்கள் மயங்குவார்கள் என்பதைக் காமிராவுக்கு முன்னால் ஒத்திகை பார்ப்பது ஹிட்லரின் வழக்கம். பிடிக்காத படங்கள் வெளியே வரக் கூடாது. அந்தத் தொழிலில் ஹாப்மன் பெரும் பணக்காரரானார். யுத்தம் முடிந்த பிறகு அதற்காகச் சிறைவாசமும் அனுபவித்தார். ரஷ்யாவிலோ இன்னும் விசேஷம். 1937-இல் மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நின்ற எஷோவ் என்ற அதிகாரி, 1940-இல் மரண தண்டனை பெற்றதும் படத்திலிருந்தும் மறைந்தார். அவர் நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது!

தலைவர்களுக்கென்று படக்காரரை நியமிப்பது பின்னாளில் ஜனநாயக தேசங்களிலும் வழக்கமாயிற்று. அமெரிக்காவில் ஜான்ஸன் ஜனாதிபதியானதும், ஜப்பானிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்த யோய்ச்சி ஒகமோட்டோவை 1964-இல் அழைத்தார். தங்களை வெறும் முகப் படம் எடுக்க நான் வரவில்லை, சரித்திரம் நடக்கும்போது உடனிருக்க வேண்டும் என்பது ஒகமோட்டோவின் கோரிக்கை. அங்கே நிபந்தனை போட்டவர் படக்காரர், இங்கே தலைவர். ஒகமோட்டோவின் பார்வையில் அந்த ஆட்சிக் காலத்தில் சேர்ந்த படங்கள் லட்சக் கணக்கானவை. சர்க்கார் சம்பளம், சர்க்கார் பிலிம், உதவியாளர் வேறு. அந்தப் படங்களும் சிறப்பானவையே. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் பன்னிரண்டு படங்களை எண்ணி எண்ணிச் செலவிட்டவரின் ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

கனுவின் காமிராவுக்குக் காந்திஜி தடை போட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றுள் முக்கியமானது 1944 பிப்ரவரியில் நேர்ந்தது. பூனாவில் ஆகாகான் மாளிகையே சிறையாக இருந்தது. கஸ்தூரிபாய் மரணப் படுக்கையில் கிடந்தார். பணிவிடை செய்யக் கனுவுக்கும் அங்கே இருக்க அனுமதி கிடைத்திருந்தது. 22-ஆம் தேதி, கணவரின் மடியில் அன்னை பிராணனை விட்டுக் கொண்டிருந்தபோது, அதைப் படம் எடுக்க வேண்டாம் என்று பாபு தடுத்துவிட்டார்.

சரித்திரம் சொல்லிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். ஒரு சாட்சியம் நஷ்டமாயிற்றே என்று எனக்கு வருத்தப்படத் தோன்ற வேண்டும். அறுபது வருஷங்களுக்கு மேற்பட்ட இல்லறத்தின் முடிவு அது. அவர் மற்ற எதையும் ஊரார் கண்ணிலிருந்து மறைத்தவரும் அல்ல. தம் உணவு, உபவாசம், வியாதி, மனப் போராட்டம் எல்லாவற்றையும் பத்திரிகையில் எழுதியவர். எனினும் இந்த ஒன்றை மட்டும் தமக்கென்று வைத்துக் கொண்டார். இதில் அவருக்கு உரிமை இல்லை என்று எந்த வாயால் சொல்வது? பேரனும் அதற்குக் கீழ்ப்படிந்தார். அவர் சம்பளத்துக்கு வந்த படக்காரராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ!

அந்த வருஷமே கனுவுக்கும், ஆசிரமத்தில் வளர்ந்த வங்கப் பெண்ணான ஆபாவுக்கும் விவாகம் நடந்தது. 1945-இன் இறுதியிலும் 1946-இன் தொடக்கத்திலும் வங்காளம், அஸ்ஸாம், தென்னாடு ஆகிய பிரதேசங்களில் மகாத்மா செய்த ரயில் யாத்திரையில் கனு உடன் சென்றார். மூன்றாம் வகுப்பு வண்டியின் ஜன்னல் வழியே காந்திஜி கையை நீட்டி ஹரிஜன நிதிக்குக் காசு வாங்கும் படம் அந்தப் பிரயாணத்தில் எடுத்ததே. வெளியே எத்தனை கைகள்! யாருடைய கை, எந்த ஊர் என்பது தெரியாது.

பிறகு நவகாளி. 1946-இன் கடைசியில் கலவரம் எரித்த கிராமங்களுக்கு மகாத்மா போனார். வெறுங்காலுடன் ஊர் ஊராக நடந்தார். வாய்க்கால்களின் மேல் ஒற்றை மூங்கிலைப் போட்டுக் கட்டிய பாலங்களைத் தடியை ஊன்றிக் கடந்தார். 77 வயதுக் கிழவர் அந்தப் பாலத்தில் கால் வைப்பதைப் பார்க்கும்போது, பிடித்துக் கொள்ளலாமா என்று நம் கை பரபரக்கிறது. எந்தச் சொற்பொழிவும் அந்த யாத்திரையின் தன்மையை இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிடாது. காந்திஜி தம் தொண்டர்களை ஆளுக்கு ஒரு கிராமமாகப் பிரித்து வைத்தார். கனுவும் அவ்விதம் நவகாளியில் ஒரு தொண்டராகத் தங்கிவிட்டார்.

அதனால்தான் 1948 ஜனவரி 30-ஆம் தேதி மாலை அவர் தில்லியில் இல்லை. பிர்லா மாளிகைத் தோட்டத்தில் பிரார்த்தனை மேடைக்கு நடந்த காந்திஜியை இரு பக்கமும் தாங்கிச் சென்றவர்கள் மனுவும், கனுவின் மனைவி ஆபாவும். குண்டுகள் பாய்ந்தபோது பாபு சாய்ந்தது அவர்களுக்கு நடுவில்தான். அன்று பிற்பகலில் பிரெஞ்சுப் படக்காரர் கார்ட்டியே-ப்ரெஸான் அவரைச் சந்தித்துத் தம் படப் புத்தகத்தைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். பத்து வருஷங்கள் காமிராவுடன் அருகிலேயே இருந்த கனுவோ நூற்றுக் கணக்கான மைல்களுக்கு அப்பால், பாபு இட்ட வேலையைச் செய்து கொண்டிருந்தார்.

அதன் பிறகு கனுவும் ஆபாவும் ராஜகோட்டுப் பக்கம் குடியேறி, நிர்மாண வேலைகளில் காலம் கழித்தனர். படக்காரர் என்று கனு தம்மை எங்கும் முன்னிறுத்திக் கொள்ளவில்லை. அவருடைய படங்கள் தபால் தலைகளிலும் பாடப் புத்தகங்களிலும் நாட்காட்டிகளிலும் ஏறின. பல இடங்களில் அவர் பெயர் இல்லாமலே ஏறின. 1986-ஆம் ஆண்டு வட நாட்டில் தீர்த்த யாத்திரை செய்கையில் மாரடைப்பால் காலமானார். ஆபா 1995-இல் மறைந்தார். தில்லி நஸர் ஸ்தாபனத்தார் 2015-இல் அவர் எடுத்த படங்களைத் தொகுத்து ஒரு தனிப் புத்தகமாக வெளியிட்ட பிறகே, இப்படி ஒருவர் இருந்தார் என்ற செய்தி பலருக்குத் தெரிந்தது.

அவற்றில் 1945-இல் பம்பாய் பிர்லா மாளிகையில் எடுத்த படம் ஒன்று உண்டு. எடை பார்க்கும் யந்திரத்தின் மேல் காந்திஜி ஏறி நிற்கிறார். அதில் கூட்டமும் இல்லை, மாலையும் இல்லை. முள் எங்கே நிற்கிறது என்பதில்தான் அவருடைய கவனமெல்லாம்.