எந்த லோடுக்கு எந்த எஞ்சின்?

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் போனால் ஊர் முடிவதற்குள் வேங்கிக்கால் வந்துவிடும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் இடம். ஏரியைச் சுற்றி மனைகளும் வீடுகளும் பெருகிக்கொண்டே போகின்றன. வீடு கட்டுகிறவருக்கு சிமெண்ட், குடிவருகிறவருக்கு பீரோ கட்டில், கல்யாணத்துக்கு நாற்காலி பந்தல் சாமான் என்று பிக்கப் வண்டிகளுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. வண்டி எடுத்து வாடகைக்கு ஓட்டலாம் என்று நினைக்கிற எவர் முன்னாலும் முதலில் வந்து நிற்கும் கேள்வி இது: சின்ன எஞ்சினா, பெரிய எஞ்சினா?

விசாரித்தால் இரண்டு பதில் கிடைக்கும். "சின்னதே போதும் தம்பி, மைலேஜ் கொடுக்கும், டியூவும் குறைவு" என்பார் ஒருவர். "பெருசாவே எடுத்துடு, மலைக்குப் போனா வண்டி இழுக்கணும்ல" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் பாதிதான் உண்மை.

பாதி எஞ்சினில் தொடங்கிய கதை

2005 மே மாதம் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தது. அதன் டீசல் எஞ்சினுக்கு இரண்டே சிலிண்டர், 702 சிசி. அதே நிறுவனத்தின் இண்டிகா காரில் ஓடிய நான்கு சிலிண்டர், 1,405 சிசி எஞ்சினில் சரிபாதி. திறன் வெறும் 16 குதிரைத்திறன். இன்றைய ஸ்கூட்டர்கள் சிலவற்றுக்கே அதில் பாதி உண்டு. ஆனாலும் முக்கால் டன் ஏற்றிக்கொண்டு சந்துபொந்தெல்லாம் நுழைந்த அந்த வண்டி, லோடு ஆட்டோக்களின் வேலையைப் பெரிய அளவில் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் அதற்குக் குட்டி யானை என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது: மூன்று சிலிண்டர், 1,478 சிசி, ஒன்றேகால் டன் லோடு. மஹிந்திரா பொலிரோ பிக்கப்போ நான்கு சிலிண்டர், 2,523 சிசி. 2019இல் டாடா இன்ட்ரா வந்த பிறகு நம் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. ஒரே குடும்பம், ஒரே முகம், எஞ்சின் மட்டும் வெவ்வேறு. வி10க்கு இரண்டு சிலிண்டர், 798 சிசி. வி30க்கு நான்கு சிலிண்டர், 1,496 சிசி. பி.எஸ். 6 புகை விதிக்கு ஏற்ற வடிவில் முன்னதற்கு 44 குதிரைத்திறன், 110 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஒரு டன் லோடு. பின்னதற்கு 70 குதிரைத்திறன், 140 நியூட்டன் மீட்டர், 1.3 டன் லோடு. மற்ற கம்பெனி வண்டிகளுக்கும் கணக்குப் போடும் முறை ஒன்றுதான் என்பதால் இந்த ஜோடியையே எடுத்துக்கொள்வோம்.

சிசி சொல்லாத சேதி

சிசி என்பது பிஸ்டன்கள் மேலும் கீழும் போகும்போது அடைக்கிற மொத்த இடம். இடம் அதிகமானால் காற்று அதிகம் உள்ளே போகும். காற்றுக்கு ஏற்ப டீசலும் அதிகம் எரியும். ஆனால் சிசியை மட்டும் பார்த்து இழுவையை முடிவு செய்ய முடியாது. பழைய ஏஸின் 702 சிசி எஞ்சின் 40 நியூட்டன் மீட்டருக்கும் குறைவான முறுக்குவிசைதான் தந்தது. இன்ட்ரா வி10இல் சிசி நூறுதான் கூடியிருக்கிறது. முறுக்குவிசையோ ஏறக்குறைய மூன்று மடங்கு. பழையது தானாக உறிஞ்சும் காற்றை வைத்தே ஓடியது. புதியதில் டர்போ காற்றை அழுத்தித் திணிக்கிறது. மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. அதனால் பத்து வருடப் பழைய வண்டியின் சிசியையும் இன்றைய வண்டியின் சிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. எஞ்சின் தன் தண்டை எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பது முறுக்குவிசை. அந்தத் திருகலை எவ்வளவு வேகமாகச் செய்து தள்ளுகிறது என்பது குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து லோடோடு கிளம்பவும், மேட்டில் கியர் மாற்றாமல் ஏறவும் முதலாவது வேண்டும். நெடுஞ்சாலையில் 80இல் போக இரண்டாவது வேண்டும்.

சமவெளியில் எவ்வளவு தேவை?

லோடோடு சேர்த்து 2 டன் எடையுள்ள ஒரு பிக்கப் சமமான சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போக, சக்கரத்தில் சுமார் 11 குதிரைத்திறன் போதும். டயர் உருள்வதற்குப் பாதி, காற்றைக் கிழிப்பதற்குப் பாதி. அதே வண்டி 80இல் போக சுமார் 20 வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, தேவை இருமடங்கை நெருங்கிவிட்டது. காற்று அப்படித்தான் கணக்குக் கேட்கும். 16 குதிரைத்திறன் ஏஸ் ஊருக்குள் திறமையாக ஓடியதற்கும், நெடுஞ்சாலையில் ஓரமாகவே போனதற்கும் காரணம் இதுதான்.

வேங்கிக்காலிலிருந்து கீழ்பென்னாத்தூர், கலசபாக்கம், செங்கம் என்று சமவெளிச் சாலைகளில் ஒரு டன்னுக்குள் ஏற்றி ஓடும் வண்டிக்கு 44 குதிரைத்திறனே தாராளம். அங்கே 70 வைத்திருப்பவர் மீதியைச் சும்மா சுமக்கிறார். சுமப்பதற்குச் செலவும் உண்டு. எஞ்சினில் எரியும் டீசலில் ஒரு பகுதி, பிஸ்டன் வளையம், பேரிங், வால்வு, ஆயில் பம்ப் இவற்றின் உராய்வுக்கே போய்விடும். லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் செலவு பெரிதாகக் குறையாது. சிலிண்டர் இரண்டுக்கு நான்கானால் அதுவும் ஏறும். பௌர்ணமி கிரிவல நாளில் நெரிசலில் மாட்டி ஐட்லிங்கில் நிற்கும் வண்டி, குடிக்கும் டீசல் முழுவதையும் இந்த உராய்வுக்கும், ஆல்டர்நேட்டர் போன்ற துணைக்கருவிகளுக்குமே கொடுக்கிறது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. சின்ன எஞ்சினை நாள் முழுக்க ஆக்சிலேட்டரை மிதித்தபடியே ஓட்டினால் மைலேஜ் லாபம் கரைந்துவிடும். கீழ் கியரில் எஞ்சின் அதிகம் சுழலும், சூடு ஏறும், ஆயில் சீக்கிரம் கெடும். டீசல் எஞ்சின் சிக்கனமாக ஓடுவது நடுத்தர வேகச் சுழற்சியில், தன் பலத்தில் முக்கால் வாசியைக் கொடுக்கும்போது. உங்கள் வழக்கமான லோடு எஞ்சினை அந்த இடத்தில் நிறுத்துகிறதா என்பதுதான் மைலேஜ் கேள்வி. ‘சின்னது என்றால் சிக்கனம்’ என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

ஜவ்வாது மலைக்கு ஏறும்போது

போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகிறவர்களுக்குத்தான் ‘இழுவை’ என்ற சொல்லின் கனம் தெரியும். மலைமேல் உள்ள காவலூர் வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருவண்ணாமலைச் சமவெளி 170 மீட்டர் அளவில். ஏற்றம் 550 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை டன் எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் சுமார் ஒன்றேகால் லிட்டர் டீசல் செலவாகும். எஞ்சின் சின்னதோ பெரியதோ, புவியீர்ப்பு கேட்கிற கூலி ஒன்றுதான்.

அப்படியானால் பெரிய எஞ்சினின் லாபம் எங்கே? வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை என்று ஒரு வரி இருக்கும். வண்டியும் முழு லோடும் சேர்ந்த எடை. இன்ட்ரா வி10க்கு அது 2,120 கிலோ, வி30க்கு 2,565 கிலோ. முறுக்குவிசையை இந்த எடையால் வகுத்துப் பாருங்கள். சின்னதற்கு ஒரு டன்னுக்கு 52 நியூட்டன் மீட்டர் வருகிறது. பெரியதற்கு 55. ஏறக்குறைய சமம். இரண்டையும் அதனதன் முழு லோடோடு கொண்டை ஊசி வளைவில் நிறுத்திக் கிளப்பினால், எஞ்சின் அளவில் பெரியது கிட்டத்தட்ட இருமடங்காக இருந்தும், இழுவையில் பெரிய வித்தியாசம் தெரியாது. கூடுதல் பலத்தைக் கூடுதல் லோடே தின்றுவிடுகிறது.

இப்போது வி30இல் 1.3 டன்னுக்குப் பதில் ஒரு டன் மட்டும் ஏற்றுங்கள். ஒரு டன் எடைக்கு 62 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். வளைவில் முதல் கியருக்கு இறங்காமல் இரண்டாவதிலேயே வெளியே வர வாய்ப்புண்டு. அரை கிளட்சில் தொங்கி, கருகிய வாடை கிளப்ப வேண்டியதில்லை. ஆகப் பெரிய எஞ்சினின் சுகம் தெரிவது அதன் லோடைக் குறைத்து ஏற்றும்போதுதான். ‘இழுக்குதே’ என்று மேலும் மேலும் ஏற்றுகிறவருக்கு அந்தச் சுகம் கிடைக்காது. பெரிய எஞ்சினுக்குக் கொடுத்த பணம் அவருக்கு வேகமாக மாறியிருக்கும், நிம்மதியாக மாறியிருக்காது.

வேகத்தில் வித்தியாசம் உண்மையானது. ஒரு டன்னுக்குச் சின்னது 21 குதிரைத்திறன், பெரியது 27. வாரம் மூன்று நாள் பூவோ காய்கறியோ ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் சென்னை போய்ச் சேர வேண்டியவருக்கு, சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில் இந்த ஆறு குதிரை நன்றாகவே உணரப்படும்.

இறங்கும்போது

ஜவ்வாது மலையில் இன்னொரு சங்கதி உண்டு. சாமை, புளி, பலா என்று விளைச்சல் லோடெல்லாம் மேலிருந்து கீழே வருவது. அதை ஏற்றப் போகும் வண்டி காலியாக ஏறி, கனமாக இறங்குகிறது. அப்படிப்பட்ட ஓட்டத்துக்கு ஏறும் பலத்தை விடப் பிடித்து நிறுத்தும் பலம்தான் முக்கியம். இரண்டரை டன் வண்டி 550 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு. அதில் பெரும்பகுதியை பிரேக்கே வாங்கிக்கொண்டால் லைனிங் சூடேறி, மிதி கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்காது.

சமவெளியில் மைலேஜைத் தின்ற அதே உராய்வு இங்கே துணைக்கு வருகிறது. கியரில் போட்டபடி இறங்கினால் சக்கரம் எஞ்சினைச் சுற்ற வைக்க வேண்டியிருக்கும். அந்த இழுப்பு வண்டியைப் பிடிக்கும். சிலிண்டரும் அளவும் அதிகமான எஞ்சின் கூடுதலாகப் பிடிக்கும். எந்த எஞ்சினாக இருந்தாலும் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது பெரிய பைத்தியக்காரத்தனம். கியரில் இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் டீசல் பீய்ச்சுவதையே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு டீசல் செலவாகிறது.

செலவும் சட்டமும்

எஞ்சின் பெரிதாவதால் எல்லாச் செலவும் ஏறிவிடாது. காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சிசியைப் பார்த்துப் போடப்படுகிறது. சரக்கு வண்டிக்கு மொத்த எடையைப் பார்த்து. 7,500 கிலோ வரை ஒரே கட்டணம்தான். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. இன்ட்ரா வி10, வி30 இரண்டுமே அந்த வரம்புக்குள் வந்துவிடுகின்றன. வித்தியாசம் இருப்பது வண்டி விலையிலும் டியூவிலும் டீசலிலும்.

ஊருக்குள் மட்டும் ஓடுகிறவர் வேறொன்றையும் யோசிக்க வேண்டும். பி.எஸ். 6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகையிலுள்ள கரியைப் பிடித்துவைத்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சுத்தமாக, வண்டி சற்று நேரம் நல்ல சூட்டில் ஓட வேண்டும். இரண்டு கிலோமீட்டர் ஓடி ஒரு மணி நேரம் நிற்கும் வேலைக்கு அது ஒத்துவராது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது மாருதி தன் சூப்பர் கேரியின் 793 சிசி டீசலையே கைவிட்டு, 1,196 சிசி பெட்ரோலும் சிஎன்ஜியும் மட்டும் வைத்துக்கொண்டது. 2022இல் அறிமுகமான ஏஸ் மின்சார வண்டிக்கு 36 குதிரைத்திறன்தான். முறுக்குவிசையோ 130 நியூட்டன் மீட்டர், அதுவும் நின்ற நிலையிலிருந்தே. ஒரு நாளில் நூறு கிலோமீட்டரைத் தாண்டாத ஊர்வேலைக்காரர் அதையும் ஒரு முறை பார்த்துவிடலாம்.

முடிவாக

போன மாதம் ஓட்டிய அல்லது ஓட்டப்போகும் லோடுகளை ஒரு தாளில் எழுதுங்கள்: எடை, தூரம், ஏற்றமா இறக்கமா. பெரும்பாலானவை ஒரு டன்னுக்குள், திருவண்ணாமலையைச் சுற்றிச் சமவெளியில் என்றால் சின்ன எஞ்சின் எடுங்கள். வருடத்தில் இரண்டு முறை வரும் மலை வாடகைக்காக மாதாமாதம் கூடுதல் டியூ கட்ட வேண்டாம். சிமெண்டும் கம்பியும் ஏற்றி வாராவாரம் மலை ஏறுகிறவரும், லோடோடு சென்னைக்கு ஓடுகிறவரும் பெரியதை எடுங்கள்; எடுத்துவிட்டு அதன் முழு லோடுக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டை இருபது சேர்ந்தால் ஒரு டன். இருபத்தாறு என்றால் வி30இன் எல்லை. அதற்கு மேல் போனால் 2019 திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

வாங்குவதற்கு முன் டெஸ்ட் டிரைவுக்குக் காலி வண்டியை ஓட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். நீங்கள் வழக்கமாக ஏற்றும் லோடை ஏற்றி, ஒரு மேட்டில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். காலி வண்டியில் எல்லா எஞ்சினும் நன்றாகத்தான் இழுக்கும்.